மட்டக்களப்புக் கரையோரத்தில் குடிப்பெருக்கமும் மனைப்பெருக்கமும் – ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் கிழக்குக் கரையிலே, வடக்கே வெருகலாறு தொடக்கம் தெற்கே குமுக்கனாறு வரை நீண்டு கிடக்கும் நிலப்பரப்பினை மட்டக்களப்புத் தேசம் என்று முன்னோர் வழங்கினர். 1961ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை இப்பரப்பு முழுவதும் ஒரே மாவட்டமாகவே ஆளப்பட்டு வந்தது. இதன் நிலப்படத்தை நோக்குவார்க்கு ஓர் உண்மை உடனே புலப்படும். மேற்கே வயலும் குளமும் காடுமாக நிலம் விரிந்து கிடப்பவும், இப்பிரதேசத்துத் தமிழ், முஸ்லிம் மக்களுட் பெரும்பாலார் கடலை ஒட்டிய ஒடுங்கிய மணற்பட்டியொன்றிலேயே செறிந்து வாழ்கின்றனர். கல்லடியிலிருந்து தெற்கு நோக்கிக் கல்முனை வீதிவழியே செல்பவர், நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்களைக் கடந்து செல்கையில், பல இடங்களில் ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் எல்லையை அறிதல் அரிது. சில சதுர கிலோமீற்றர் பரப்பே கொண்ட காத்தான்குடியில் ஏறத்தாழ 40,000 மக்கள் வாழ்கின்றனர் என்பது இச்செறிவின் அளவை உணர்த்தப் போதுமானது.

இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் எளியது. மக்கள் பெருகினர், நிலம் பெருகவில்லை என்பர். இது பொய்யன்றெனினும் முழு விளக்கமும் ஆகாது. மக்கள் பெருகிய பிற பிரதேசங்களிலே, பெருகியோர் புதிய நிலங்களை நாடிச் சென்றதனை வரலாறு காட்டுகின்றது. மட்டக்களப்புக் கரையோரத்து மக்கள் அவ்வாறு செல்லாது தாய் வாழ்ந்த வளவினுள்ளேயே வீட்டின்மேல் வீடாக நெருங்கியது ஏன் என்ற வினாவுக்கு, பிறப்பு இறப்புக் கணக்குகளில் விடை கிடைப்பதில்லை. வீடு என்பது இப்பிரதேசத்தில் யாருக்கு உரியது, எப்பொழுது கைமாறுகின்றது என்பவற்றை அறிந்தாலன்றி இவ்வினாவுக்கு விடை காணல் இயலாது.

முதலில் நிலத்தின் இயல்பு நோக்கற்பாலது. கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையிலுள்ள மணற்றிடல் எழுவான்கரை எனப்படும். வாவிக்கு மேற்கிலுள்ள வயல்நிலம் படுவான்கரை எனப்படும். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்ற இப்பெயர்கள் திசையை மட்டுமன்றி வாழ்க்கை முறையையும் சுட்டுவன. எழுவான்கரையின் மணலில் சில முழ ஆழத்திலேயே நன்னீர் ஊறும். மாரிமழை எத்துணை மிகினும் மணல் நீரை உறிஞ்சிவிடும். தென்னை செழிக்கும், கடலும் வாவியும் மீன் தரும். படுவான்கரையோ நெல் விளையும் பூமி. ஆயினும் மார்கழி வெள்ளத்தில் மூழ்குவது, முன்னாளில் மலேரியாக் காய்ச்சலுக்கு இருப்பிடமாயிருந்தது. ஆகவே, வயலுடையோராகிய போடிமார் பலர் எழுவான்கரையிலே குடியிருந்து, விதைப்புக்கும் வெட்டுக்கும் தோணியேறி வாவியைக் கடந்து சென்று, வாடிகளிலே தங்கி மீள்வாராயினர். 1957ஆம் ஆண்டு மார்கழியில் ஏற்பட்ட பெருவெள்ளம், இவ்வழக்கத்தின் பின்னாலிருந்த பழைய அறிவு பழுதற்றது என்பதனை மீண்டும் காட்டியது. உழைப்பது ஒரு கரை, உறங்குவது மறுகரை என்ற இவ்வமைப்பில், குடியிருப்பு நிலம் தொடக்கத்திலிருந்தே அளவுபட்டதாக இருந்தது. வாவி இல்லாத தென்பகுதியிலும், அதாவது காரைதீவு முதல் அக்கரைப்பற்று வரையிலும், கிழக்கே மணலில் குடியிருப்பும் மேற்கே வயலுமாக இதே ஒழுங்கு நிலவியது.

இந்நிலத்தின்மீது அமைந்த சமூக ஒழுங்கு தாய்வழிப்பட்டது. மட்டக்களப்புத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி என்னும் அமைப்பு தாய்வழியாகவே தொடர்கின்றது. முற்காலத்தில் முக்குவர் சட்டம் என்ற வழமை இங்கு நிலவியது. அதன்படி முதுசொம் எனப்பட்ட மரபுச் சொத்து ஒருவனுடைய மக்களுக்கன்றி, அவனுடைய சகோதரியின் மக்களுக்குச் சென்றது. இவ்வழமையைப் பற்றிக் கிறிஸ்ரி பிரிட்டோ எழுதிய நூல் 1876ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் விளைவாக இவ்வழமை சட்டவலுவை இழந்தது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. நூலேறிய ஆண்டே அவ்வழமை நீதிமன்றத்தை விட்டு வெளியேறியது எனலாம்.

ஆயின் சட்டம் மாண்ட பின்னும் வழக்கம் மாளவில்லை. சகோதரியின் மக்களுக்குச் சென்ற சொத்து, காலப்போக்கில் மகளுக்குச் சீதனமாகச் செல்லலாயிற்று. சீதனத்துள் முதன்மையானது வீடும் வளவும். திருமணமானதும் மணமகன் மணமகளின் வீட்டுக்குக் குடிபுகுவான். மணமகளின் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்து, எஞ்சிய பிள்ளைகளுடன் அதே வளவிலோ அயலிலோ வேறொரு வீட்டுக்கு மாறுவர். இரண்டாம் மகளுக்கும் மூன்றாம் மகளுக்கும் இதுவே முறை. இறுதியில் முதியோர் இளைய மகளின் வீட்டிலோ, வளவின் மூலையிலமைந்த சிறு குடிலிலோ காலங் கழிப்பர். முஸ்லிம்களின் மரபுரிமைச் சட்டம் வேறாயினும், பெற்றோர் தம் வாழ்நாளிலேயே மகளுக்கு நன்கொடையாக வீட்டை எழுதிக் கொடுப்பதன் மூலம் இவ்வழக்கம் அவர்களிடையேயும் குறைவின்றி நடைபெறுகின்றது. தமிழரும் முஸ்லிம்களும் வேறுபடும் விடயங்கள் பலவற்றைப் பேசுவோர், அவர்கள் இவ்வளவு நெருக்கமாக ஒன்றுபடும் இவ்விடயத்தை மறந்துவிடுகின்றனர். யாழ்ப்பாணத்திலும் சீதனமுண்டு, தேசவழமையில் அதற்கு இடமுமுண்டு. எனினும், சகோதரிகளின் வீடுகள் ஒரே வளவைச் சூழ்ந்து நிற்பதும், ஆண்பிள்ளைகள் ஒருவர் தவறாது பிற வளவுகளுக்குச் சென்றுவிடுவதும் மட்டக்களப்பில் இருப்பதுபோல் இறுக்கமாக அங்கு இல்லை.

மானிடவியலாளர் நூர் யல்மன் 1967இல் வெளியிட்ட நூலிலும், அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு நடத்திய டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட நூலிலும் இவ்வமைப்பு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அவர்களது அக்கறை பெரிதும் குடி, சாதி, கோயில், திருமணம் என்பவற்றைப் பற்றியது. இவ்வமைப்பு நிலத்தின்மீது செய்த வேலையே ஈண்டு நோக்கப்படுவது.

குடிசனமதிப்புகள் கூறுவதை இனிக் காணலாம். 1881ஆம் ஆண்டு மதிப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் சற்றேறக்குறைய 1,05,000 மக்கள் இருந்தனர். 1946இல் அத்தொகை 2,03,000 ஆயிற்று. அதாவது, இருமடங்காவதற்கு அறுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1953இல் 2,70,000, பிரிவினைக்குப் பின் 1963இல் மட்டக்களப்பில் 1,96,000, அம்பாறையில் 2,11,000, ஆக 4,07,000க்கு மேல். அறுபத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்தது இப்பொழுது பதினேழே ஆண்டுகளில் நிகழ்ந்துவிட்டது. 1981இல் இரு மாவட்டங்களினதும் தொகை ஏழு இலட்சத்தைக் கடந்தது. போரின் காரணமாக இப்பகுதிகளில் 1991இல் மதிப்பே நடைபெறவில்லை. 2012ஆம் ஆண்டு மதிப்பு இரு மாவட்டங்களிலும் சேர்த்துப் பதினொன்றே முக்கால் இலட்சம் அளவினரைக் கண்டது.

இந்தத் திடீர்ப் பெருக்கத்தின் காரணங்கள் நன்கறியப்பட்டவை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நாடெங்கும் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு மலேரியா அடக்கப்பட்டது. 1946இல் ஆயிரத்துக்கு 20.3 ஆயிருந்த இலங்கையின் இறப்பு வீதம் 1947இல் 14.3 ஆகக் குறைந்தது. இலவச வைத்தியமும் மகப்பேற்றுச் சேவையும் விரிந்தன. முன்பு ஐந்து பெண்பிள்ளைகள் பிறந்த வீட்டில் இருவரோ மூவரோ மணவயதை எட்டினர்; இப்பொழுது ஐவரும் எட்டினர். ஐவருக்கும் வீடு வேண்டியதாயிற்று.

1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்மூலம் வந்த குடியேற்றமும் இத்தொகையுள் அடங்கும். இங்கினியாகலையில் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட நீர்த்தேக்கம் பல்லாயிரம் ஏக்கருக்கு நீர் தந்தது. அந்நீரால் கரையோரத்து விவசாயிகளின் பழைய வயல்கள் சில பயனடைந்தமை உண்மை. ஆயின், புதிதாகத் திருத்தப்பட்ட நிலங்களின் பெரும்பகுதி நாட்டின் பிற மாகாணங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட சிங்கள விவசாயக் குடும்பங்களுக்கே வழங்கப்பட்டது. கரையோரத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைத்த குடியேற்ற அலகுகள் சிலவே. இதன் அரசியல் விளைவுகள், 1956ஆம் ஆண்டுக் கலவரம் உட்பட, பலராலும் எழுதப்பட்டவை. அவ்வளவு கவனிக்கப்படாத மற்றொரு விளைவும் உண்டு. கரையோரம் தன் மேலதிக மக்களை அனுப்பியிருக்கக்கூடிய ஒரே திசை மேற்கு. அத்திசை இத்திட்டத்தால் பெருமளவு அடைபட்டது.

அங்கு நிலம் பெற்ற கரையோரக் குடும்பங்களுக்கும் அந்நிலம் வழமைக்கு ஒவ்வாததாகவே அமைந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட காணியை உத்தரவுப்பத்திரம் பெற்றவர் குறித்த அளவிற் குறையப் பிரித்தல் இயலாது. அவர் பின்னுரித்தாளரை நியமியாது இறப்பின், அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஆண்மகனுக்கே முதலுரிமை தந்தது. 2022இல் திருத்தப்படும்வரை இந்நிலை நீடித்தது. பெண்ணுக்கு வீடு, பெண்கள் பலராயின் பலவீடு என்ற மரபில் வந்தவர்களுக்குப் பிரிக்கவும் முடியாத, மகளுக்கு முதலிற் சேராத நிலம் எங்ஙனம் குடியிருப்பாகும்? வயலாக அது பயன்பட்டிருக்கலாம். மனையாக அது கருதப்படவில்லை.

ஆகவே கரையோர வளவுகள் உள்ளுக்குள்ளே பிளவுபடலாயின. இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். அரை ஏக்கர் வளவு எண்பது பேர்ச் ஆகும். ஒவ்வொரு தாய்க்கும் மணமாகும் புதல்வியர் இருவர் எனக் கொள்ளின், அடுத்த தலைமுறையில் நாற்பது பேர்ச், அதற்கடுத்து இருபது, அதற்கடுத்துப் பத்து. புதல்வியர் மூவராயின், மூன்றாந் தலைமுறையில் எஞ்சுவது மூன்று பேர்ச் அளவே. அங்கே கிணறு எங்கு தோண்டுவது, மலகூடம் எங்கு கட்டுவது, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு விடுவது? மணலிற் சில முழ ஆழத்தில் ஊறும் அதே நன்னீர், நெருங்கிய குடியிருப்பில் எளிதில் மாசடையும் நீருமாகும். முன்னோரை இம்மணலுக்கு ஈர்த்த நற்பண்பே பின்னோருக்குக் கேடாயிற்று.

வீட்டின் உருவமும் இதனோடு மாறியது. மண்சுவரும் கிடுகுக் கூரையும் உள்ள வீட்டைச் சில வாரங்களில் எழுப்பலாம். அழிந்தால் மீண்டும் கட்டலாம். அத்தகைய வீடு சீதனமாகக் கொடுக்கப்பட்ட காலத்தில் வளவே பெரிது, வீடு சிறிது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி இந்நிலையை மாற்றிய நிகழ்வுகளுள் ஒன்று. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது என மதிப்பிடப்பட்டது. தென்னை போகவே கிடுகும் போயிற்று. எஞ்சியிருந்த தோட்டநிலமோ மரமற்ற வெறும் மணலாகி, துண்டுதுண்டாக மனைக்கு விலைப்படலாயிற்று. இதே காலத்தில் மத்திய கிழக்கு நாடுகளில் தொழில்வாய்ப்புத் திறந்தது. அரசின் இலட்சம் வீட்டுத் திட்டமும், 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் கடனுதவி அளித்தன. கல்வீடு வழக்காயிற்று. மண்வீட்டை மகளுக்குக் கொடுத்த தாய், தன் மகள் அவளுடைய மகளுக்குச் சீமெந்து வீடு கொடுக்க வேண்டிய நிலையைக் கண்டாள். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பு முழுவதும், தாயோ மகளோ வெளிநாடு சென்று ஈட்டிய பணமும்கூட, இவ்வீட்டுக்கே செலவாகும் நிலை உருவாயிற்று. இதனைக் குடியிருப்பு அபிவிருத்தி என்று புள்ளிவிபரங்கள் மகிழ்ச்சியுடன் குறிக்கும். கல்வீடுகளின் தொகை ஏறியது உண்மையே. ஒவ்வொரு கல்வீட்டின் பின்னும் இருந்த கடனை அத்தொகை காட்டாது.

1985இலிருந்தும், சிறப்பாக 1990இலிருந்தும் ஏற்பட்ட கொடிய நிகழ்ச்சிகளை இங்கு விரித்தல் வேண்டா. மனைநிலம் பற்றிய அளவில் அவற்றின் விளைவு இரண்டு. உட்பகுதிகளிலும் படுவான்கரையிலும் சிதறி வாழ்ந்த குடும்பங்கள் பல பாதுகாப்புத் தேடித் தத்தம் சமூகத்தார் மிகுந்த கரையோர ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. நெருக்கம் மேலும் மிகுந்தது. அத்துடன், தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையேயிருந்த எல்லை இறுகியது. முன்பு அயலூரில் காணி வாங்குதல் பணத்தைப் பொறுத்த விடயம். பின்பு அது அச்சத்தையும் ஐயத்தையும் பொறுத்ததாயிற்று. வடக்கிலும் தெற்கிலும் அயலூர் எல்லை, மேற்கில் வாவி அல்லது வயல் என்றான பின்னர் மிஞ்சியது கிழக்குத் திசை மட்டுமே. வீதியோரத்து வளவுகளிற் பங்கு கிடைக்காத வறிய குடும்பங்களின் புதல்வியர்க்கு வீடுகள் கடற்கரை வெண்மணலில் எழுந்தன. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கடலிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயமாகக் குறித்து, அங்கு அபிவிருத்திக்கு அனுமதி வேண்டும் என விதித்திருந்தது. ஓலைக் கொட்டிலிலிருந்து சீமெந்து வீடாக வளர்ந்த வறியவர் மனைகள் அச்சட்டத்தின் கண்ணிற் படவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலை ஆழிப்பேரலை இவ்வீடுகளின் மீதே முதலில் வந்தது. இலங்கை முழுவதிலும் மாண்ட முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோருள், பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டம் ஒன்றிலேயே மாண்டனர். வேறெந்த மாவட்டத்திலும் இத்துணை உயிர்கள் போகவில்லை. அலையின் வேகம் ஒரு காரணம். மருதமுனை முதல் காரைதீவு வரை கரையை ஒட்டியிருந்த நெருக்கம் மற்றொரு காரணம். அம்பாறை மாவட்டத்து முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடையே பின்னர் நடத்தப்பெற்று 2006இல் வெளியான ஆய்வொன்று, அக்குடும்பங்களைச் சேர்ந்த ஆண்களில் நூற்றுக்கு 8.2 பேரும் பெண்களில் நூற்றுக்கு 17.5 பேரும் இறந்தனர் எனக் கண்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூன்றிலொரு பங்கினர் அளவில் மாண்டனர். ஞாயிற்றுக்கிழமைக் காலை, வீட்டில் இருந்தவர்கள் யார் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

அரசு உடனே பாதுகாப்பு வலயம் ஒன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை மீளக் கட்டுதல் தடைசெய்யப்பட்டது. தென்னிலங்கையில் நூறு மீற்றரை இழந்தவருக்கு உள்நாட்டில் அயற்காணி கிடைத்தல் கூடும். மட்டக்களப்புக் கரையிலோ மணற்பட்டியின் அகலமே சில கிலோமீற்றர். நாவலடி போன்ற இடங்களில் கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ளது ஓர் ஒடுங்கிய நாக்கு மட்டுமே. அங்கு இருநூறு மீற்றரை நீக்கினால் ஊரே நீங்கிவிடும். கிழக்குக்கு மட்டும் இருமடங்குத் தூரம் விதித்தவர்கள் அதன் நிலப்படத்தை விரித்துப் பார்த்தார்களா என்ற வினா எழுவது இயல்பு. எதிர்ப்புகளின் பின்னர் 2005ஆம் ஆண்டின் இறுதியிலும் 2006இலும் வலயத்தின் அளவு இடத்துக்கேற்பக் குறைக்கப்பட்டது. அதற்கிடையில் ஓராண்டுக்கு மேலாக மக்கள் கூடாரங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் காத்திருந்தனர்.

வலயத்துக்கு வெளியே வீடிழந்தவர்க்கு அரசும் கொடையாளரும் இரண்டரை இலட்சம் ரூபா தந்தனர். அவர்கள் தம் வளவிலேயே கட்டினர். வலயத்தினுள் வாழ்ந்தவர்க்கு வேறிடத்தில் 500 சதுர அடி வீடு எனத் திட்டமிடப்பட்டது. நாவலடி, கல்லடிப் பகுதிக் குடும்பங்கள் பல மட்டக்களப்பு நகருக்கு வடக்கேயுள்ள திராய்மடுவுக்கு அனுப்பப்பட்டன. கடற்றொழிலாளிக்குக் கடல் தொலைவாயிற்று. கல்முனை, சாய்ந்தமருதுப் பகுதியில் வேறு நிலமின்மையால் வயல்கள் நிரவப்பட்டன. மாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. சாய்ந்தமருதில் வெனிசுவேலா நாட்டின் உதவியுடன் அமைந்த குடியிருப்பு பொலிவேரியன் கிராமம் எனப் பெயர் பெற்றது. நெற்காணியின் மீது வீடமைத்தல் முன்னோர் தவிர்த்து வந்த செயல். வெள்ளநீர் வடிந்தோட விடப்பட்ட தாழ்நிலம் அது. நெசவுக்குப் பெயர்போன மருதமுனையில் தறியொன்றை நிறுத்தவே ஓர் அறை வேண்டும் என்பதையும் ஐந்நூறு சதுர அடி என்ற அளவை வகுத்தோர் எண்ணியதாகத் தோன்றவில்லை.

மாடிக் குடியிருப்பின் உண்மையான குறைபாடு அதன் சிறுமையன்று. வளவு இல்லாமையே அது. மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பின் பெற்றோரும் இளைய பெண்களும் எங்கு செல்வது? நான்கு புதல்வியரையுடைய தாய், தன் பத்துப் பேர்ச் கடற்கரை வளவில் நான்கு கொட்டில்களாவது எழுப்பலாம் என்று எண்ணியிருந்தாள். அவ்வளவுக்கு ஈடாகக் கிடைத்தது ஒரு வீடு. ‘ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு’ என்ற விதி நீதியானது போலத் தோன்றும். ஆயினும், குடும்பம் என்பது யாது என்பதில் அவ்விதி வேறொரு சமூகத்தை மனத்திற் கொண்டிருந்தது.

உரிமைப் பத்திரத்திலும் இதே குழப்பம் நேர்ந்தது. இழந்த வீடுகளிற் பெரும்பாலானவை மனைவியின் சீதனம். உறுதி அவள் பெயரிலேயே இருந்தது. புதிய வீடுகளோ பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பெண் கையிலிருந்த மனையுரிமை, அலை கொண்டுபோகாதவிடத்தும் எழுதுகோல் கொண்டுபோயிற்று. மட்டக்களப்பிலுள்ள பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் கூட்டுரிமை வேண்டிக் குரல் கொடுத்தன. சில திட்டங்களில் அது ஏற்கப்பட்டது. கஞ்சனா றுவன்புர 2006இல் வெளியிட்ட நூலில், தாய்வழிச் சமூகம் என்பதனாலேயே இங்குப் பெண்கள் அதிகாரம் உடையவராகி விடுவதில்லை எனக் காட்டினார். அக்கூற்று ஏற்கத்தக்கதே. எனினும், வீட்டுரிமையும் போனபின் அவர்கள் கையில் எஞ்சுவது என்ன என்பதும் எண்ணற்பாலது. பேரலைக்குப் பின்னர் இப்பிரதேசத்தை ஆராய்ந்த மக்கில்வ்றேயும் பற்றீசியா லோறன்சும், புதிய குடியிருப்புகளிலும் பெற்றோர் தமக்குக் கிடைத்த வீட்டைப் புதல்வியர்க்குச் சீதனமாகக் கொடுக்கவே முனைந்ததை எடுத்துக்காட்டினர். அரசு கணவனுக்கு எழுதியதைக் குடும்பம் மகளுக்குக் கொடுத்தது. 1876இல் நடந்தது போன்றே, சட்டம் ஒருபுறமும் வழக்கம் மறுபுறமுமாகச் சென்றன.

அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் 500 வீடுகள் பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை ஆகியவற்றுடன் கட்டப்பட்டன. பேரலையால் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கென அவை ஒதுக்கப்பட்டமை நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. 2009இல் உயர் நீதிமன்றம் அவ்வொதுக்கீட்டை இரத்துச் செய்து, இனவிகிதத்துக்கேற்ப வீடுகள் பகிரப்படல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாகவும் அவ்வீடுகளில் எவரும் குடியேறவில்லை. முற்றங்களிற் காடு மண்டியது. 2004ஆம் ஆண்டு பத்து வயதினராயிருந்து உயிர்தப்பிய சிறுமியர் அதற்குள் மணவயதை எட்டிவிட்டனர். அவர்களுக்கான வீடுகளைத் தாய்மார் நுரைச்சோலையில் தேடவில்லை. பழைய மணற்பட்டியிலேயே, தாம் வாழ்ந்த வீட்டின் கூரையை நீக்கிக் கொங்கிறீற்றுத் தட்டுப் போட்டு, அதன்மேல் இரண்டாம் மாடியாக எழுப்பத் தலைப்பட்டனர்.